பதினொன்றும் பன்னிரண்டரையும்

எந்தப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அதன் அடியைப் பார்ப்பேன். அதனால்தான் சொந்தத்தில் எனக்குக் குப்புறக்கா என்று பேர். ஒருமுறை சம்பந்தி வீட்டில் கொடுத்த கோப்பையை, உள்ளே சூடாகத் தேநீர் இருப்பதையே மறந்து கவிழ்த்துவிட்டேன். மடி வெந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். "முத்திரை கிடைச்சுதா சம்பந்தி?" என்று அந்த அம்மா முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. கிடைத்தது. ஏதோ ஒரு தொழிற்சாலையின் அச்சு. லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளுகிற சரக்கு.

நான் தேடுவது வேறு. கையால் கோப்பையும் ஜாடியும் செய்கிறவர்கள், மண் ஈரமாக இருக்கும்போதே அடியில் தங்கள் குறியை அழுத்திவிடுவார்கள். பெயரைப் போடுகிறவர்கள் குறைவு. ஒருவர் மீன் போடுவார், ஒருவர் இலை போடுவார், இன்னொருவர் வட்டத்துக்குள் மூன்று புள்ளி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவார். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பிழைப்புக்கு முப்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் பின்னறையில், பீங்கான் சேகரிப்பாளர் சங்கத்தின் மேசையில் உட்காருகிறேன். ஷூ பெட்டிகளில் நாலாயிரத்து முந்நூறு அட்டைகள் வைத்திருக்கிறேன். ஒரு அட்டைக்கு ஒரு முத்திரை, அளவோடு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் ஈர மண்ணைத் தொட்டவளே இல்லை. மண் வேலை செய்கிறவர்களோடு பேசுவதும் குறைவு. அவர்கள் சூளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், எனக்குப் பொறுமை கிடையாது. என்னிடம் வருவதெல்லாம் சுட்டு முடித்த சாமான். அது எனக்குப் போதும் என்றே நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் என்று பிறகு சொன்னார். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "இது என்ன விலை போகும்?" என்றுதான். அதைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். இவர் அப்படிக் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய பனியன் மூட்டையை எடுத்துப் பிரித்தார். ஒரு சின்னக் கோப்பையைக் கவிழ்த்தபடியே என் முன்னால் வைத்தார்.

"யாரு மேடம் இவன்?" என்றார்.

அடியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைந்த ஒரு கோடு, மூன்றாம் பிறை மாதிரி. ஒரு முனை ஆழம், மறு முனை மெல்ல மறைகிறது.

"'இவன்'னு எப்படிச் சொல்றீங்க? பொம்பளையாக்கூட இருக்கலாம்."

"பொம்பளையா இருந்தா நான் ஏன் மேடம் இங்க வரப்போறேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் இறந்துபோனார். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் சரக்கு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, எட்டு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். துக்கம் கேட்க வந்த கடை முதலாளியிடம் இவர் பேச்சுவாக்கில் அதைச் சொல்லியிருக்கிறார். முதலாளி முழித்திருக்கிறார். வியாழக்கிழமைகளில் கடையை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்களாம். போன வாரம் அலமாரிக்கு மேலே இருந்த பழைய பெட்டியை இறக்கிப் பார்த்தால், உள்ளே பத்தொன்பது கோப்பைகள். ஒவ்வொன்றும் இவருடைய கிழிந்த பனியனில் சுற்றியது. எல்லாவற்றின் அடியிலும் இதே பிறை.

"வருஷத்துக்கு ரெண்டு கொடுத்திருக்கான்" என்றார். "என் பனியன்லயே சுத்தி வச்சிருக்கா. கோவம் எனக்கு அவ மேல இல்ல மேடம். இருக்கு, ஆனா அவ போயிட்டா. இவன் எங்கயோ இருப்பான்ல? யாருன்னு மட்டும் தெரியணும்."

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த மனிதர் அப்படி உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது நான் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நல்ல வேலை. விளிம்பு மெலிசு. நீலச் சாம்பல் பூச்சு அடிவளையத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடுகிறது. கீழே தெரிந்த மண் சாம்பல் நிறம், மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். அவசரமே இல்லாத ஒரு கை. இப்படி ஒருவர் இந்த ஊரில் இருந்து, அவருக்கு என் பெட்டியில் அட்டை இல்லை என்பது எனக்கே அவமானமாக இருந்தது.

பிறை மாதிரிக் குறிகள் நாற்பத்திரண்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. பிறகு பழைய கடை லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு விளக்கடியில் பிடித்தேன். செதுக்கிய கட்டையால் அழுத்தினால் இரண்டு பக்கச் சுவரும் நேராக இறங்கும். இதில் ஒரு பக்கம் செங்குத்து, மறு பக்கம் சரிவு. சரிவில் மயிரிழைபோல நெடுக்கு வரிகள்.

"இது முத்திரைக் கட்டையே இல்ல சார். நகம். கட்டைவிரல் நகத்தால அழுத்தியிருக்காங்க."

அவர் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அந்த நகத்தை மேசை விளிம்பில் அழுத்திப் பார்த்தார். என்ன என்று கேட்டேன்.

"அவளும் அழுத்துவா" என்றார் மெதுவாக. "புது சோப்பு எடுத்தா நகத்தால ஒரு கீறு. மெழுகுவர்த்தில ஒரு கீறு. பழக்கம். நான் திட்டுவேன்."

"மண் வேலை ஏதாவது கத்துக்கிட்டாங்களா?"

"எப்பவோ ஒரு மாசம் ஏதோ வகுப்புக்குப் போனா. கைக்கு வரலைன்னு விட்டுட்டா." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "மேடம், வீட்ல கொல்லைப்பக்கம் குழாயடிக்கு நான் சிமெண்ட் போட்டேன். காயறதுக்கு முன்னாடி வரிசையா நகத்தால அழுத்தி வச்சிருந்தா. இன்னும் இருக்கு."

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். சங்கத்து மேசையை அப்படியே விட்டுவிட்டு, 'சற்று நேரத்தில் வருவேன்' என்று ஒரு சீட்டு எழுதி வைத்து, அவரோடு கிளம்பினேன். பேருந்தில் போகும்போது நான் அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன், இப்போதே எதையும் முடிவு செய்யாதீர்கள், அளந்து பார்ப்போம் என்று. உள்ளுக்குள் எனக்கும் ஆசைதான்.

அவர் வீடு ஒரு பட்டறை மாதிரி ஒழுங்காக இருந்தது. திருப்புளிகள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கின. கொல்லையில் குழாயடியில் வழவழப்பாகப் பூசிய சிமெண்ட் மேடை. அதன் விளிம்பில் ஏழு பிறைகள் வரிசையாக இருந்தன. வளைவு அதே வளைவு, ஒரு முனை ஆழம், மறு முனை மறைகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவர் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த வெர்னியரை எடுத்து வந்தார். முப்பது வருஷம் லிஃப்ட் கதவுகளை அளந்த கருவி. முழங்கால் போட்டு உட்கார்ந்து அளந்தார்.

"பன்னெண்டரை மில்லிமீட்டர்."

கோப்பையை அளந்தார். இரண்டையும் என்னிடம் கொடுத்தார். நான் அளந்தேன். பதினொன்று.

ஏழு பிறைகளையும் அளந்தோம். எல்லாம் பன்னிரண்டரைக்குப் பக்கத்தில். சாப்பாட்டு மேசையில் பத்தொன்பது கோப்பைகளையும் கவிழ்த்து வைத்து அளந்தோம். எல்லாம் பதினொன்று. ஒன்றுகூட மாறவில்லை.

எங்கள் வேலையில் இதைவிடத் தெளிவான விதி கிடையாது. உருவம் ஒன்றாக இருந்து அளவு வேறாக இருந்தால் ஆள் வேறு. போன வருஷம் ஒரு பெயர்பெற்ற கைவினைஞரின் இலை முத்திரையோடு வந்த ஜாடியை, முத்திரை ஒரு மில்லிமீட்டர் சின்னது என்ற ஒரே காரணத்தை வைத்துப் போலி என்று சொன்னேன். யாரோ அசல் ஜாடியின் அடியிலிருந்து மண்ணில் அச்சு எடுத்திருந்தான். நான் சொன்னது சரி என்று சங்கமே கை தட்டியது. அந்தக் கைதட்டல் காதிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"ஒண்ணரை மில்லிமீட்டர் வித்தியாசம் சார்" என்றேன். "இது அவங்க நகம் இல்ல. நகத்தோட வளைவு நிறையப் பேருக்கு ஒரே மாதிரி இருக்கும். அளவு பொய் சொல்லாது."

"ஒண்ணரை மில்லிமீட்டர்னா லிஃப்ட் கதவே மூடாது மேடம்" என்றார். அவரும் அளவை நம்புகிற ஆள். "அப்போ வேற ஆள்தான்."

"வேற ஆள்தான்."

"சின்ன நகம். ஆம்பளைக்கு இருக்குமா?"

"ஒல்லியான விரலா இருந்தா இருக்கும்."

அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருப்பது எனக்கு ஒரு வியாதி. அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைக்க ஆரம்பித்தார். வரும் சனிக்கிழமை மகள் வருகிறாள் என்றும், அவள் கண்ணில் இது பட்டு அம்மாவைப் பற்றி எதுவும் நினைத்துவிடக் கூடாது என்றும், அதற்குள் எல்லாவற்றையும் உடைத்து மூட்டை கட்டிவிடப் போவதாகவும் சொன்னார். சங்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அவன் செஞ்சதை நாலு பேர் பார்த்து ஆஹான்னு சொல்லணுமா? விட மாட்டேன்."

கடைசியில் ஒன்றை மட்டும் என்னிடம் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சுக்கோங்க. ஆள் யாருன்னு சொல்லுங்க. சண்டைக்கெல்லாம் போகமாட்டேன். தெரிஞ்சுக்கிட்டா கொஞ்சம் தூங்குவேன்."

அந்த வாரம் எனக்கும் தூக்கம் சரியில்லை. அந்தக் கோப்பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, "புதுசா ஒரு சக்களத்தியைக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர். முத்திரை கைவிட்டாலும் மண் கைவிடாது என்று எனக்குத் தோன்றியது. சாம்பல் நிறத்தில் கரும்புள்ளி போட்ட மண் எல்லாருக்கும் கிடைக்காது. ஊரில் பொதுமக்கள் போய்ச் செய்துபார்க்கிற மண்பட்டறைகள் மூன்று. செவ்வாய்க்கிழமை போன பட்டறையில் செம்மண். புதன்கிழமை போன இடத்தில் வெள்ளை மண். அங்கே இருந்த ஆசாமி சூளையின் புகைபோக்கியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். வியாழக்கிழமை மூன்றாவது பட்டறைக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை கதவு திறக்கும்போதே போய் நின்றேன்.

சைக்கிள் கடைக்கு மேலே நீளமான ஒரு கூடம். ஜன்னலோரம் எட்டுச் சக்கரங்கள், சுவர் நெடுக மரத் தட்டுகள். மூட்டையிலிருந்து வெளியே வழிந்திருந்த மண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாம்பல் நிறம், மிளகுப் புள்ளி. இந்த இடம்தான்.

சூளையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை மண். கோப்பையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "நான் இங்க வந்து ஆறு மாசம்தான்க்கா ஆகுது. இந்தக் குறியை நான் பார்த்ததில்ல. ஆனா கை நல்ல கை. ஒரு நிமிஷம் இருங்க, இதை முடிச்சுட்டு வந்துடறேன்."

பலகையில் அப்போதுதான் சக்கரத்திலிருந்து இறக்கிய கிண்ணங்கள் பளபளவென்று இருந்தன. அவள் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து அவற்றின் வாயை அளந்து, "பதினொண்ணு, பதினொண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். எனக்குக் கண் அளவு நன்றாக வரும். அந்தக் கிண்ணத்தின் வாய் பதினொரு சென்டிமீட்டர் இல்லை.

"உங்க ஸ்கேல் தப்பும்மா" என்றேன்.

"தப்பில்லக்கா."

இதற்கெல்லாம் நான் சும்மா விடுகிறவள் இல்லை. என் பையில் எப்போதும் ஒரு எஃகு அளவுகோல் இருக்கும். எடுத்து அவளுடையதன் பக்கத்தில் வைத்தேன். அவளுடைய பதினொன்று என்னுடைய பன்னிரண்டரையில் போய் நின்றது.

"பாருங்க. பன்னெண்டரையை வச்சுக்கிட்டுப் பதினொண்ணுங்கறீங்க."

அவள் சிரித்தாள். "இது சுருக்கு ஸ்கேல்க்கா. ஈர மண்ணை அளக்கறதுக்குன்னே செஞ்சது. காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில இன்னும் கொஞ்சம். எங்க மண்ணு நூத்துக்குப் பன்னெண்டு சுருங்கும். சுட்டப்புறம் பதினொண்ணு வேணும்னா இப்ப பன்னெண்டரை செய்யணும். கிண்ணம் மட்டுமில்ல, அதுமேல போட்ட கோடு, கைரேகை, எல்லாமே சேர்ந்து சுருங்கிடும்."

நான் மண் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலாயிரத்து முந்நூறு அட்டைகள் வைத்திருக்கிறேன். அத்தனையும் சுட்டதைச் சுட்டதோடு ஒப்பிட்டவை. அந்தப் போலி இலை ஏன் சின்னதாகப் போயிற்று என்று நான் ஒரு நாள் யோசித்திருந்தால் போதும். சுட்ட ஜாடியில் அச்சு எடுத்து, அதைத் திரும்ப மண்ணில் அழுத்திச் சுட்டதால்தான் சுருங்கிற்று. விதி எனக்குத் தெரியும், விதிக்குக் காரணம் தெரியாது. சிமெண்டில் விழுந்த நகம் அப்படியே இருக்கும். மண்ணில் விழுந்த நகம் சூளைக்குப் போய் வரும். கோப்பையிலும் அது பன்னிரண்டரையாகவே இருந்திருந்தால்தான் வேறு ஆள்.

"அக்கா, தண்ணி வேணுமா?"

"வியாழக்கிழமை சாயங்காலம் இங்க வகுப்பு இருக்கா?"

"இருக்கே. நேத்துதான் இல்ல, லீவு. மத்தபடி ஆறரைலேர்ந்து எட்டு."

அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்த வருகைக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கினேன். அந்த மனிதருக்கும் பேரை விட அடையாளம்தான் ஞாபகம் இருந்திருக்கிறது. வியாழக்கிழமைப் பக்கத்தில் 'தபால்காரர்', 'இரட்டையரில் பெரியவர்', அதற்குக் கீழே 'மருந்துக்கடை அக்கா'. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒன்பது வருஷம், அநேகமாக ஒரு வாரம் தவறாமல் சரி போட்டிருந்தது. போன வருஷத்துக் குறிப்பேட்டில் ஒரு இடத்தில் சரி நின்றுபோய், நான்கு வாரத்துக்குக் கோடு போட்டு, பிறகு அந்த வரியே இல்லை.

போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பேருந்துக்காக நிற்க மனமில்லாமல் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். அளவு பொய் சொல்லாதாம். எப்பேர்ப்பட்ட பேச்சு.

கதவு திறந்தே கிடந்தது. அவர் கொல்லையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் சுத்தியல், ஒரு சாக்கு, சாக்கின் மேல் ஓட்டுச் சில்லுகள். பெட்டியில் மீதிக் கோப்பைகள் அப்படியே இருந்தன.

"இன்னிக்கு வரைக்கும்னு சொன்னேன். நேத்து வியாழக்கிழமை" என்றார், தலை நிமிராமல். "ஆறு மணிலேர்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி வரைக்கும் தாங்க முடியல. நாலு உடைச்சேன். அதுக்கு மேல கை வரல. ஆள் கிடைச்சானா?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, சுற்றி வளைத்து, சூளை என்றும் ஸ்கேல் என்றும் சுருக்கம் என்றும் கொட்டினேன். எனக்கே புரியாத மாதிரி இருந்திருக்கும். ஆனால் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றதும் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குழாயடிச் சுவரிலேயே கணக்குப் போட்டார். பன்னிரண்டரையில் நூற்றுக்குப் பன்னிரண்டு ஒன்றரை. கழித்தார். பதினொன்று என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டார். கோடு போட்ட பிறகும் பென்சில் சுவரிலேயே இருந்தது.

"வியாழக்கிழமை குறிப்பேட்டுல அவங்க வரி இருக்கு சார். ஒன்பது வருஷம். வேற யாரும் இல்ல. கொடுத்தவனும் இல்ல, வாங்கினவங்களும் இல்ல. செஞ்சதே அவங்கதான். தப்பு என்னோடது, அன்னிக்கே நான்..."

அவர் நிம்மதியாக அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து, அந்த ஏழு பிறைகள்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கைக்கு வரலைன்னு விட்டுட்டான்னு சொன்னேன்ல, அது பொய்" என்றார். "முதல் மாசம் ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்தா. கிண்ணமாம். எங்க அக்கா, மச்சான், பசங்க எல்லாரும் வீட்ல இருந்தாங்க. நான் அதைத் தூக்கிக் காட்டி, 'இது என்ன, லாரி ஏறின தவளையா'ன்னு கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் யார் வந்தாலும் தவளைக் கதைதான். ஆணி போட்டு வைக்கிறதுக்கு எடுத்துக்கிட்டேன். ஒரு நாள் பார்த்தா அது இல்ல, தூக்கிப் போட்டுட்டா. அவளும் கூடச் சேர்ந்து சிரிச்சா மேடம். அதனால நான்..."

அந்த ஒரு நாளாவது எனக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தது.

"வேற ஒருத்தன்னு இருந்தப்ப அவன்மேல கோவப்பட்டேன்" என்றார். "இப்ப யார் மேல படறது?"

நான் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவளுக்குத் தெரிந்த வேலையைத்தானே செய்ய முடியும். என் பையில் இருந்ததோடு சேர்த்துப் பதினைந்து கோப்பைகள் மிச்சம். அவற்றைக் குழாயடி மேடையில் காலவரிசைப்படி அடுக்க ஆரம்பித்தேன். ஒருவருடைய கை தேறுவது பொருளில் தெரியும். முதலில் செய்தவற்றில் அடி கனமாக இருக்கும், சுவர் மேலே மெலிந்து கீழே தடித்திருக்கும், பூச்சு வழிந்து அடிவளையத்தில் ஒட்டியிருக்கும். போகப் போக எடை குறையும். இது முதல் வருஷம், இது அதற்கடுத்தது என்று நான் வைக்க, கொஞ்ச நேரத்தில் அவரும் கீழே இறங்கி உட்கார்ந்தார்.

"இதுல பூச்சு சொட்டியிருக்கு. இதுக்கு அப்புறம் வந்ததுல சொட்டல."

"ஆமா. அங்க கத்துக்கிட்டாங்க."

"இது ரெண்டும் ஒரே எடை மேடம்." இரண்டு கைகளிலும் தூக்கிப் பார்த்தார். "ஒரே அளவா வரணும்னு பார்த்திருக்கா. ஜோடியா செஞ்சிருக்கா."

ஒவ்வொன்றையும் அவரே எடுத்து, கவிழ்த்து, பிறையில் விரலை வைத்துப் பார்த்தார். நான் தப்பாக வைத்த ஒன்றை எடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, இரண்டு இடம் தள்ளி வைத்தார். அவர் செய்ததுதான் சரி. முப்பது வருஷம் நான் கண்ணாடி விற்றதற்கும் அவர் இயந்திரம் தொட்டதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு மனுஷி ஒன்பது வருஷமாக ஒரு வேலையைக் கற்றுக்கொண்டது எங்கள் முன்னால் வரிசையாக நின்றது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

ஆனால் வரிசை முடிகிற இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. பதினைந்தாவது கோப்பை நன்றாகத்தான் இருந்தது, இருந்தாலும் அதோடு நின்றிருக்க முடியாது. குறிப்பேட்டின்படி அவர் கடைசி வரை போய்க்கொண்டேதான் இருந்தார். இவ்வளவு தேறியவர் இன்னும் ஒரு படி போயிருப்பார்.

"கடைசியா செஞ்சது எதுவும் இதுல இல்லையே சார்" என்றேன். சொன்ன பிறகுதான் சாக்குமேல் கிடந்த சில்லுகள் என் கண்ணில் பட்டன. ஒரு சில்லை எடுத்தேன். காகிதம்போல மெலிசு. பூச்சில் நீலம் உள்ளிருந்தே வருவதுபோல் இருந்தது. மற்ற எதிலும் அந்த நீலம் இல்லை.

அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஏதோ கைக்கு வந்த நாலை உடைக்கல மேடம்" என்றார். "நேத்து எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சு, எது ரொம்ப நல்லா இருக்குன்னு பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். இதைக் கையில வச்சுக்கிட்டு, 'பாவி, என்னமா செஞ்சிருக்கான்'னு வாய் விட்டுச் சொன்னேன். சொல்லிட்டுத்தான் சுத்தியலை எடுத்தேன்."

சில்லைத் திருப்பினார். அதன் ஓரத்தில் பிறையில் பாதி இருந்தது.

"அவ செஞ்ச ஒண்ணைப் பார்த்து நல்லா இருக்குன்னு நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்."